"பயன்பாட்டுச் செயல்பாடு" அன்று, "மாற்றி"

"தரவு அலகுகளை மாற்றுவதற்கான பயன்பாட்டுச் செயல்பாடுகள்" என்னும் தொடரை நிரலாக்கக் கட்டுரைகளிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் அண்மைக் காலமாக அடிக்கடி பார்க்க நேர்கிறது. ஆங்கிலத்தில் யூட்டிலிட்டி ஃபங்ஷன் எனப்படுவதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கூட இதை மனத்துக்குள் மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்த்தால் ஒழியப் பொருள் காண முடியாது. புதிதாகக் கற்க வரும் மாணவருக்கோ அந்த வழியும் இல்லை.

முதலில் பொருள். ஒரு மென்பொருளை எழுதும்போது அதன் முதன்மையான வேலைகள் ஒருபுறம் இருக்க, எல்லாப் பகுதிகளுக்கும் தேவைப்படும் சில்லறை வேலைகள் மறுபுறம் இருக்கும். பைட்டில் வந்த கோப்பின் அளவை மெகாபைட்டாகத் தருவது, ஃபாரன்ஹீட் 98.6 என்றால் செல்சியஸ் 37 என்று சொல்வது, 03/04/2024 என வந்த நாள் அமெரிக்க முறைப்படி மார்ச் 4ஆ நம் முறைப்படி ஏப்ரல் 3ஆ என்று தெளிந்துகொண்டு அதை 2024-04-03 என்ற, ஐஎஸ்ஓ 8601 எனப்படும் பன்னாட்டுத் தர வடிவில் எழுதுவது ஆகியவை அத்தகையவை. இவற்றை இடந்தோறும் திரும்ப எழுதாமல் சிறு சிறு கூறுகளாக எழுதித் தனிக் கோப்பில் வைப்பார்கள். யூட்டிலிட்டி என்பதைச் சுருக்கி நிரலர் பேச்சில் அதை "யுடில்ஸ்" என்பார்கள்.

யூட்டிலிட்டி என்பது "பயன்படுத்து" எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஃபங்ஷன் என்பது "நிறைவேற்று" என்னும் பொருளுடைய இன்னோர் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணித அறிஞர் லைப்னிட்ஸ் வழியாகக் கணிதத்துக்குள் நுழைந்தது. கணினித் துறையில் 1960களின் ஐபிஎம் இயங்குதளங்களோடு வந்த, கோப்புகளை நகலெடுக்கவும் வரிசைப்படுத்தவும் உதவிய நிரல்களுக்கே யூட்டிலிட்டி என்ற பெயர் நிலைத்தது. எழுத்துகளைக் கணினி எண்களாகப் பதிந்துவைக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். யூனிக்ஸ் இயங்குதளத்தின் டிடி கட்டளை, எப்சிடிக் என்னும் குறியேற்றத்தில் உள்ள கோப்பை ஆஸ்கி என்னும் குறியேற்றத்துக்கு மாற்றித் தரும். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு இவ்வளவு போதும். ஏனெனில் பிழை வேரில் நேரவில்லை. தமிழில் ஏற்கெனவே பொருள் குடியேறிவிட்ட இரண்டு சொற்களைக் கேள்விமுறையின்றி எடுத்துக் கையாண்டதில் நேர்ந்தது.

செயல்பாடு என்றால் இயங்கும் விதம். அரசின் செயல்பாடு, சிறுநீரகத்தின் செயல்பாடு, அணியின் செயல்பாடு என்று நாள்தோறும் சொல்கிறோம். அது ஒரு பொருளின் தன்மையே தவிர, எண்ணிக் கோப்பில் அடுக்கி, பெயரிட்டு அழைக்கத்தக்க ஒரு பொருளன்று. ஃபங்ஷன் என்பதற்குக் கணிதத்தில் தமிழகமும் இலங்கையும் ஒருமித்துக் கையாளும் சொல் "சார்பு". உள்ளிடும் மதிப்பைச் சார்ந்து வெளியீடு அமைவதைக் காட்டும் அழகான சொல் அது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலோ "செயற்கூறு" என்கிறது. நிரலாக்கத்துக்கு நான் இதையே தேர்வேன். எந்த மதிப்பையும் திருப்பித் தராமல் திரையில் ஒரு வரியை அச்சிட்டுவிட்டு முடிந்துபோகும் ஃபங்ஷன்களும் நிரலில் உண்டு. அவற்றைச் சார்பு என்பது பொருந்தாது, செயலைச் செய்யும் கூறு என்பது பொருந்தும். இரண்டு நல்ல சொற்கள் பாடநூலிலேயே இருக்க, மொழிபெயர்ப்பாளர் மூன்றாவதாக ஒரு மங்கலான சொல்லைத் தேடிப்போவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

"பயன்பாடு" செய்யும் கேடு இதைவிடப் பெரிது. கைப்பேசித் திரைகளில் அச்சொல் ஆப் என்பதற்கு ஈடாகப் பரவிவிட்டதால், "பயன்பாட்டுச் செயல்பாடு" என்பதைப் படிப்பவர் "அந்த ஆப் இயங்கும் விதம்" என்றே கொள்வார். அப்படிக் கொள்வது அவருடைய குற்றமன்று. இதை உணர்ந்த சிலர் பின்பாதியை மட்டும் திருத்திப் "பயன்பாட்டுச் சார்பு" என்கிறார்கள். அது இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. பொருளியலில் இறுதிநிலைப் பயன்பாடு குறைந்து செல்லும் விதியைப் பள்ளியிலேயே படிக்கிறோம். நுகர்வோர் அடையும் நிறைவை அளக்கும் சார்புக்கு அங்கே முறைப்படி உரிய பெயர் "பயன்பாட்டுச் சார்பு"தான். செயற்கை நுண்ணறிவு நூல்களும் முடிவெடுக்கும் முறைகளை விளக்கப் பொருளியலின் இக்கருத்தையே எடுத்தாள்கின்றன. ஆகவே ஒரே நூலில், ஒரே பக்கத்தில், வெப்பநிலையை மாற்றித் தரும் மூன்று வரி நிரலுக்கும் மனிதரின் விருப்பங்களை எண்ணாக்கும் கோட்பாட்டுக்கும் ஒரே பெயர் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அந்தக் குழப்பம் இருக்கிறது என்பது நாமும் அதை வலிந்து ஏற்றுக்கொள்ளக் காரணமாகாது.

"உதவிச் செயற்கூறு" என்று எழுதலாம் என்பது என் துணிபு. உதவி என்பது மென்பொருளின் பட்டியில் உள்ள ஹெல்ப் என்பதோடு மயங்கும் என்று மறுப்பவர்கள் உண்டு. தனிச்சொல்லாக நிற்கும்போது அது மெய். முன்னொட்டாக வரும்போது அப்பொருள் தருவதில்லை. உதவிப் பொறியாளர், உதவி இயக்குநர் என்னும்போது, முதன்மைப் பணிக்குத் துணைநின்று வேண்டிய வேலையை முடித்துத் தருபவர் என்றே தமிழர் எவரும் கொள்கிறார்கள். யுடில்ஸ் கோப்பில் இருப்பவை செய்வதும் அதைத்தான்.

ஆனால் அலகையும் வடிவத்தையும் மாற்றும் செயற்கூறுகளுக்கு இந்தப் பொதுப்பெயர்கூட வேண்டியதில்லை. அவற்றுக்குத் தமிழில் பல்லாண்டுகளாகவே பெயர் இருக்கிறது. "மாற்றுச் செயல்பாடு" என்று எழுதுபவர் மாற்று என்னும் பெயரடை தரும் பொருளை மறந்துவிடுகிறார். மாற்றுவழி, மாற்றுச் சாவி, மாற்று ஏற்பாடு என எங்கும் அது ஒன்றற்கு ஈடாக வரும் வேறொன்றையே குறிக்கிறது. பொன்னின் மாற்று என்றால் தரமே பொருளாகிவிடும். செய்வதைச் சுட்டும் இகர ஈறு சேர்ந்தால் ஐயமே இல்லை: ஒலிபெருக்கி, குளிரூட்டி, மின்மாற்றி. அந்த வரிசையில் அலகு மாற்றி, நாள்வடிவ மாற்றி, குறியேற்ற மாற்றி.

இந்தச் சொல்லை எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்கித் தரவில்லை. பாமினி என்னும் பழைய தமிழ் எழுத்துருவில் "அம்மா" என்று தட்டெழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள்தாம் தெரியும். ஈழத்திலும் தமிழகத்திலும் குவிந்து கிடந்த இத்தகைய கோப்புகளை மீட்க எழுதப்பட்ட நிரல்களை மக்கள் தாமாகவே "எழுத்துரு மாற்றி" என்றார்கள். மாறுவது எழுத்துரு அன்று, குறியேற்றம் என்பதால் முன்பாதியைத் திருத்தலாம், பின்பாதி பழுதற்றது. அந்த மாற்றி செய்யும் வேலையும் எளிதன்று. திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியேற்றத்தில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாக இருக்கும். இன்று வழங்கும் யூனிகோடு குறியேற்றத்திலோ ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வரும். ஒவ்வொரு குறிக்கும் நேர்குறி வைத்தால் போதாது. வரிசையையும் மாற்றியாக வேண்டும்.

வடிவம் என்று நான் எழுதியதை வடிவமைப்பு என்று நீட்டுவோர் இருக்கிறார்கள். வடிவமைப்பு என்பது டிசைன். "தரவு வடிவமைப்பு மாற்றம்" என்றால் தரவுத்தளத்தையே புதிதாகத் திட்டமிடுவதாகப் பொருள்படும். நிரலைத் திறந்து அந்தக் கூறு எதை வாங்கி எதைத் தருகிறது என்று ஒருமுறை பாராமல், சொற்பட்டியலில் கண்ட முதல் சொல்லை எடுத்து வைக்கும் பழக்கத்தின் விளைவே இவை எல்லாம். அதே பழக்கத்தால்தான், முழு எண்ணைத் தசமப் புள்ளியுள்ள எண்ணாக்குவது போல ஒரு தரவின் இனத்தையே மாற்றுவதற்குப் பாடநூல் தரும் "இனமாற்றம்" என்னும் துல்லியமான சொல்லும் கைவிடப்பட்டு, எல்லாமே "மாற்றுதல்" என்று ஆகிவிடுகிறது.

எனினும் யுடில்ஸ் கோப்பில் உள்ள எல்லாவற்றையும் மாற்றி என்று சொல்லிவிடக் கூடாது. கோப்பின் அளவைப் பயனருக்குக் காட்டுவதற்காக "1.5 கிலோபைட்" என்ற சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, தரும் செயற்கூறு பலர் எழுதுவது. அதனிடம் 1,536 பைட்டைக் கொடுத்தாலும் 1,500 பைட்டைக் கொடுத்தாலும், 1,024ஆல் வகுத்து ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கி, அதே சரத்தையே தரும். அந்தச் சரத்திலிருந்து பழைய எண்ணை மீட்க வழியில்லை. செல்சியசை மீண்டும் ஃபாரன்ஹீட்டாக்க முடிவது போன்ற மாற்றமன்று இது. மனிதர் படிப்பதற்காக எண்ணுக்கு வடிவம் கொடுப்பது மட்டுமே. இதை "வடிவூட்டி" என்று பிரித்துச் சொன்னால், அது தரும் விடையை வைத்துக் கணக்குப் போடலாகாது என்பது பெயரைப் பார்த்த அளவிலேயே நிரலருக்கு விளங்கிவிடும்.