பல்நிலை ஆளியைப் பொத்தான் ஆக்கியது யார்?

குழந்தைகள் ஏறி ஓட்டும் பேட்டரி காருக்கு முகப்பு விளக்கு வைப்பது பற்றி ஒரு குறிப்பு, தமிழில் மொழிபெயர்த்தது. "பல நிலைப் பொத்தானை இரண்டாம் நிலைக்கு அழுத்தவும்" என்றிருந்தது. என் கையில் இருந்ததோ திருகுகிற சாமான், பல இடங்களில் நிறுத்தக்கூடிய ஸ்விட்ச்; தமிழில் பல்நிலை ஆளி என்பேன். எங்கே அழுத்த? இதே 'பொத்தானை' ஏற்கெனவே நாலைந்து இடத்தில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தவன்தான், இந்த முறை முடியவில்லை.

பொத்தான் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. வந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது, அதை விரட்டச் சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் பொத்தான் என்றால் அழுத்துவது. அழைப்பு மணியில் இருப்பது பொத்தான். அதுவும் ஸ்விட்சில் ஒரு வகைதான், அதற்காக ஸ்விட்ச் எல்லாம் பொத்தான் ஆகிவிடாது.

ஸ்விட்ச் என்பது ஆங்கிலத்தில் முதலில் மெல்லிய பிரம்பு, குதிரையை விரட்டுகிற குச்சி. டச்சுப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். பிறகு தண்டவாளத்தில் வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்புக்கு அந்தப் பெயர் போனது, 19ஆம் நூற்றாண்டில் மின்சாரத்துக்கும் வந்தது.

இங்கேதான் ஸ்விட்சைத் தமிழில் 'சொடுக்கி' என்று சொல்லச் சொல்லும் கட்சிக்காரர்கள் துள்ளுவார்கள். பிரம்பு என்றால் சாட்டை மாதிரி, சாட்டையைச் சொடுக்குவோம், ஆகவே சொடுக்கி, வேரிலேயே பொருந்துகிறது பாருங்கள் என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சார ஸ்விட்ச் செய்யும் வேலை குதிரைக்காரன் வேலை இல்லை, தண்டவாளத்தின் வேலை: வருவதை இந்தப் பக்கம் விடு, அந்தப் பக்கம் விடு, அல்லது நிறுத்து. சொடுக்குவது ஒரு நொடியில் முடிந்துபோகிற செயல், பல்நிலை ஸ்விட்சோ வைத்த இடத்தில் நிற்க வேண்டியது. சுவரில் இருப்பது 'டிக்' என்று சத்தம் போடுகிறது என்பதற்காகப் பொருளுக்கே சத்தத்தின் பெயரை வைத்தால், சத்தமே போடாமல் திரும்புகிறவற்றை என்ன சொல்வது? போதாததற்குக் கணினிக்காரர்கள் சொடுக்கை மவுசுக்கு எடுத்துக்கொண்டு பல காலம் ஆகிறது. "சொடுக்கியைச் சொடுக்கவும்" என்று எழுதினால் எதை எடுத்து எதைச் செய்வான் படிக்கிறவன்? 'விசை' என்று ஒரு கட்சியும் உண்டு. இயற்பியலில் விசைக்கு வேறு பொருள் இருக்கிறது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் வாக்கு 'ஆளி'க்கு. ஈழத்துப் பாடநூல்களில் இது பழகிய சொல். ஆள்வது ஆளி, மின்னோட்டத்தை ஆள்கிறது, அவ்வளவுதான். ஆளி என்றால் சிங்கம் இல்லையா, ஆளி விதை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கத்தையோ விதையையோ யாரும் மின்சுற்றில் செருகப் போவதில்லை. தவிர, சுழல் ஆளி, இருவழி ஆளி என்று ஒட்டிப் பாருங்கள், நாக்கில் இடறாமல் வரும்.

சரி, 'பல்நிலை' என்பது? அது சரியான சொல்தான், ஆனால் நிலையையும் வழியையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். பொம்மைக் காரில் முன்னால் போக, நிற்க, பின்னால் போக என்று ஓர் ஆளி இருக்கும். பிடி நிற்கும் இடம் மூன்று, மின்சாரம் போகும் வழி இரண்டுதான், நடுவில் எதுவும் போகாது. ஆக, மூன்று நிலை, இரு வழி. இது வெட்டிப் பேச்சு இல்லை. அந்த ஆளி மோட்டாருக்குப் போகும் நேர், எதிர் கம்பிகளை இடம் மாற்றுவது. எல்இடி ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும், அதனால் அந்த விளக்கை மோட்டார் முனைகளோடு சேர்த்துவிட்டால் முன்னால் போகும்போது எரியும், பின்னால் வரும்போது அணைந்துவிடும். விளக்குக்குத் தனி ஆளி வைத்தாலும் இதே கதை. முதல் நிலையில் சின்ன விளக்கு, இரண்டாம் நிலையில் சின்னதும் பெரியதும் என்று நினைத்து ஒரு தட ஆளியை (ஒரே ஒரு மின்சுற்றை மட்டும் திருப்புவது) மாட்டினால், இரண்டுக்குத் திருப்பியதும் முதல் வழி அறுந்து சின்னது அணைந்துவிடும். இரண்டாம் வழியிலிருந்து சின்ன விளக்கை நோக்கி, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டயோடு போட வேண்டும், இல்லையென்றால் இரு தட ஆளி வாங்க வேண்டும். 'நிலை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இது எதுவும் புரியாது.

தடம், வழி என்று நான் சொல்வதை அந்தக் குறிப்பு எப்படிச் சொன்னது தெரியுமா? "இரட்டைக் கம்பம் இரட்டை எறிதல்". ஆங்கிலத்தில் 'டபுள் போல் டபுள் த்ரோ', அதாவது இரு தடம், இரு வழி. குழந்தையின் காரில் கம்பத்தை எங்கே நடுவது, அப்புறம் அதை யார் மேல் எறிவது? மாடிப்படி விளக்குக்கு எலக்ட்ரீஷியன் 'டூவே' என்கிறார், வழி என்ற சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. அவரிடம் கேட்க மாட்டார்கள், அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிடுவார்கள். தமிழ் வரவில்லையா, 'ரோட்டரி ஸ்விட்ச்' என்றே எழுதியிருக்கலாம். அந்தக் குமிழை அரை மணி நேரம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.