நான்கு கிராம் கல்பொடியும் புர்யா காற்றும்

ஸ்லொவேனியாவின் மேற்கே உள்ள விபாவா பள்ளத்தாக்கில் ஸெலென் என்றொரு வெள்ளைத் திராட்சை விளைகிறது. ஸெலென் என்றால் பச்சை. அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் அதைப் பார்ப்பது அரிது. விளைச்சலை நம்ப முடியாது என்பதால், நிறையக் காய்க்கும் ரகங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிப்போன ரகம் அது. இன்று அங்கே ஸெலெனை பயோடைனமிக் முறையில், அதாவது ரசாயனம் தவிர்த்துச் சில தனிக் கலவைகளைத் தெளித்து, வளர்த்து ஒயின் செய்பவர்களும் உண்டு.

இந்த முறையின் வேர் ருடால்ஃப் ஸ்டைனர் 1924 ஜூனில் ஆற்றிய எட்டு உரைகளில் இருக்கிறது. அவர் விவசாயி அல்ல, தத்துவவாதி. மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைக்க வேண்டும். பிறகு அதை நீரில் ஒரு மணி நேரம், சுழி விழும்படி திசை மாற்றி மாற்றிக் கலக்கி நிலத்தில் தெளிக்க வேண்டும். இன்னொரு கொம்பில் குவார்ட்ஸ் கல்பொடி.

சரி, அளவைப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குச் சாணம் சுமார் 100 கிராம், கல்பொடி சுமார் 4 கிராம். கொடிகளுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் நைட்ரஜனோ கிலோ கணக்கில். அந்தக் கணக்கில் இது உரமே ஆகாது. கொம்புக்குத் தனி ஆற்றல் உண்டு என்பதை ஆய்வுகளும் காட்டவில்லை.

ஆனால் கொம்பை ஒதுக்கிவிட்டாலும் மிச்சம் நிறைய இருக்கிறது. ரசாயன உரமும் களைக்கொல்லியும் கிடையாது. கொடி வரிசைகளுக்கு நடுவே பயறு வகைச் செடிகளை விதைக்கலாம். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அந்த நைட்ரஜன் திராட்சைச் சாற்றிலும் போதுமான அளவு இருந்தாக வேண்டும். குறைந்தால், சாற்றை நொதிக்க வைத்து ஒயினாக்கும் ஈஸ்ட் திணறி, அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும்.

பெரிய தலைவலி அடிச்சாம்பல் நோய். அதன் வித்துகள் இலையில் படிந்த நீர்ப்படலத்தில் நீந்திப்போய் இலைத்துளை வழியாக நுழைகின்றன. செயற்கைப் பூஞ்சைக்கொல்லி கூடாது என்பதால் செம்புக் கரைசல்தான் வழி. செம்போ மண்ணில் சிதையாமல் தங்கிவிடும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இங்கேதான் புர்யா கைகொடுக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட வாடைக்காற்று அது. ஓடு பறக்காமலிருக்கக் கூரை மேல் கல் வைக்க வேண்டிய அளவுக்கு அடிக்கும். மழைக்குப் பின் அது வீசினால் இலை சீக்கிரம் உலர்ந்துவிடும். நீந்த நீரில்லாமல் வித்து காய்ந்துபோகும். எல்லா நோய்க்கும் இது பலிக்காது. மேற்சாம்பல் நோய்க்கு நீர்ப்படலமே தேவையில்லை.

அப்புறம் நொதித்தல். ஈஸ்ட் வாங்கிச் சேர்க்காமல், தோலிலும் தொட்டியிலும் ஏற்கெனவே இருப்பவற்றையே நம்புவார்கள். முதலில் பெருகும் காட்டு ஈஸ்ட்களில் பல, ஆல்கஹால் 5 சதவீதத்தை நெருங்கும்போதே மடியத் தொடங்கும். மிச்ச வேலையை சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் முடிக்கும். ஆனால் அதற்குள் காட்டு ஈஸ்ட்கள் ஒரு காரியம் செய்திருக்கும். திராட்சையின் மணப்பொருள்களில் பல, சர்க்கரையோடு பிணைந்து மணமின்றிக் கிடக்கும். காட்டு ஈஸ்ட் சிலவற்றின் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். ஸெலெனில் ரோஸ்மேரி வாசம் வருகிறது என்பார்கள். பிழிந்த சாற்றை மட்டும் முகர்ந்தால் அது அவ்வளவாகத் தெரியாது.