பெண்டிங்: கிட்டார் தந்தியை இழுப்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

பழைய ராக், ப்ளூஸ் கிட்டார் கலைஞர்களைப் பற்றி ரசிகர்கள் நினைவுகளைப் பகிர ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே ஒரு பாட்டுக்குள், அந்தப் பாட்டிலும் ஒரு சின்ன இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பீட்டர் கிரீன் ஒரு சுரத்தை மெல்ல மேலே கொண்டுபோன விதம், ஆல்பர்ட் கிங் தந்தியைப் பிடித்து உலுக்கிய உலுக்கல், டேவிட் கில்மர் ஏறி, கொஞ்சம் நின்று, இன்னும் ஏறிய இடம். வேகமாக வாசித்த பகுதிகளையும் மெச்சுவார்கள். ஆனால் வாயால் பாடிக் காட்டுவது இந்த இடங்களைத்தான். அவற்றைச் சொல்ல எல்லாரும் எடுக்கும் சொல் ஒன்றுதான்: பெண்ட். தமிழில் பேசும்போதும் "அங்க ஒரு பெண்ட் வரும் பாருங்க" என்றுதான் சொல்கிறோம். கிட்டார் இசையின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கே நம்மிடம் புழக்கத்தில் ஒரு சொல் இல்லை என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். இடது கை விரலால் தந்தியை ஃப்ரெட்டில், அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பியில் அழுத்தி (வீணைக்காரர்கள் இந்தக் கம்பியை மெட்டு என்பார்கள்), வலது கையால் மீட்டி, ஒலி அடங்குவதற்குள் அதே விரலால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளுவது அல்லது இழுப்பதுதான் பெண்டிங். தந்தி விறைக்கிறது, சுரம் உயர்கிறது. விரல் அடுத்த மெட்டுக்குத் தாவுவதில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒலி நகர்ந்துவிடுகிறது. தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி அரைச்சுரம் (ஒரு மெட்டு தூரம்) ஏற்ற இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும், முழுச்சுரம் (இரண்டு மெட்டு தூரம்) ஏற்றச் சுமார் 26 சதவீதம். கேட்பதற்குச் சின்ன எண்கள்தான். எஃகுத் தந்தியில் விரல் நுனியால் அதைச் செய்து, போய்ச் சேர வேண்டிய சுரத்தில் துல்லியமாக நிறுத்துவதற்கு வருடக்கணக்கில் பழக வேண்டும். ஒரு விரல் மட்டும் தள்ளினால் போதாது. இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்து, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். துளி குறைந்தாலும் கூடினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இனி சொல்லின் வரலாறு. ஆங்கிலத்தில் பெண்ட் என்றால் வளைத்தல் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'பெண்டான்' என்று இருந்த அந்த வினைச்சொல், வில்லில் நாணை இறுக்கி வளைப்பதைக் குறித்தது. கட்டுதல், பிணைத்தல் என்னும் பொருளுள்ள பேண்ட், பைண்ட், பாண்ட் எல்லாம் இதன் உறவுச் சொற்கள். இந்தக் குடும்பத்தின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கிளைத்திருக்கிறது. வடமொழியில் அதன் கிளைதான் 'பந்த'. அங்கிருந்து தமிழுக்கு வந்தவைதான் பந்தம், சம்பந்தம், நிபந்தம் எல்லாம். நாணை இறுக்கினால் வில் வளைகிறது அல்லவா? காலப்போக்கில் வளைவு மட்டும் பொருளாக நின்றுவிட்டது, நாண் உதிர்ந்துபோயிற்று. கிட்டார் வாசிப்பவர்களின் வாயில் அதே சொல் மறுபடியும் ஒரு நாணிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது. வில்லுக்கும் இசைக்கும் உள்ள உறவு நமக்கும் புதிதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் குமிழங்கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி, அந்த வில்யாழில் குறிஞ்சிப் பண் இசைக்கிறான்.

இந்த ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் வேறு வழியாகவும் நுழைந்திருக்கிறது. சைக்கிள் கடையில் கோணிய ரிம்முக்குப் 'பெண்டு எடுப்பார்கள்'. நாள் முழுக்க வேலை வாங்கினால் 'பெண்டு நிமிர்ந்துவிட்டது' என்போம். ஒலி ஒன்றுதான், ஆனால் பட்டறையில் பெண்டு என்பது நீக்க வேண்டிய குறை. கிட்டாரில் அது தேடிப் போகும் அழகு. தமிழில் எழுதும்போது பெண்டு என்று போட்டால் இந்தப் பட்டறைப் பொருள்தான் முதலில் எழுந்து நிற்கும். தனிச்சொல் தேட அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த உத்திக்கு ஆங்கிலத்திலேயே பெண்ட் ஒன்று மட்டும் பெயரில்லை. ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையில் பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வாசிப்பவர்கள் இதைச் 'சோக்' என்பார்கள், தந்தியின் கழுத்தை நெரிப்பது என்ற பொருளில். ஜப்பானிய கிட்டார் கலைஞர்கள் இன்றைக்கும் 'சோக்கிங்' என்றே சொல்கிறார்கள். அதாவது ஒருவர் வளைவைப் பார்த்தார், இன்னொருவர் நெரிப்பைப் பார்த்தார். நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நம் சொல்லும் அமையலாம்.

சரி, இந்த உத்தி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் குரலிலிருந்து. அவர்கள் பாடிய ப்ளூஸில் காந்தாரம் (ச ரி க-வில் வரும் க) ஒரே இடத்தில் நிற்காது. நம் கணக்கில் சொன்னால் சாதாரண காந்தாரம் என்னும் தாழ்ந்த க-வுக்கும் அந்தர காந்தாரம் என்னும் உயர்ந்த க-வுக்கும் நடுவே எங்கேயோ நின்று ஊசலாடும். ப்ளூ நோட் என்பது இதுதான். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது, கிட்டாரிலும் மெட்டு கிடையாது. கிட்டார்காரர்கள் அதற்கு முதலில் கண்ட வழி, கத்தியையோ உடைந்த பாட்டிலின் கழுத்தையோ தந்திமேல் வைத்து வழுக்குவது. இதற்கு ஸ்லைடு என்று பெயர். இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹாண்டி, 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் கதையில் ஸ்லைடும் பெண்டும் சந்திக்கின்றன. 1925-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். அவருடைய உறவினர் புக்கா வைட் ஸ்லைடு வாசிப்பில் பெயர்பெற்றவர். அந்த ஒலிமேல் கிங்குக்குத் தீராத ஆசை, ஆனால் ஸ்லைடு அவர் கைக்கு வரவில்லை. அதனால் விரலாலேயே தந்தியைத் தள்ளி, உச்சியில் நிறுத்தி, கையைப் படபடவென்று அசைத்து அந்த ஒலியைக் கொண்டுவரப் பார்த்ததாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் பட்டாம்பூச்சி என்று கொண்டாடும் அசைவு இப்படிப் பிறந்ததுதான். கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) வாசிப்பதில் தனக்குத் திறமையில்லை என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தேவையும் இருக்கவில்லை. ஒரு வரி பாடுவார், அடுத்த வரியைக் கிட்டார் பாடும். 2015-இல் அவர் மறைந்தபோது உலகமெங்கும் ரசிகர்கள் எழுதிய அஞ்சலிகளில் 'ஒரே ஒரு சுரம் கேட்டால் போதும், அது அவர்தான் என்று தெரிந்துவிடும்' என்ற பொருளில் எத்தனை வரிகள்! அந்த ஒரு சுரம் பெரும்பாலும் இழுத்து ஏற்றிய சுரம்தான்.

ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்கான தந்தி வரிசையை மாற்றாமல் கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். மற்றவர்கள் மெல்லிய தந்திகளை மேல்நோக்கித் தள்ளுவார்கள். அவருக்கு அவை மேல்பக்கம் இருந்ததால் கீழ்நோக்கி இழுத்தார். உள்ளங்கையின் முழு வலுவும் அதில் இறங்கியது. ஒரே மெட்டில் இருந்தபடி அவர் இரண்டு முழுச்சுரம்கூட ஏறுவார். இன்னொரு ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அவரை உயிராக நேசித்தார். 1983-இல் கனடாவின் ஹாமில்டனில் தொலைக்காட்சிக்காக இருவரும் சேர்ந்து வாசித்த பதிவை இன்று பார்த்தாலும், ஒருவர் இழுக்க மற்றவர் பதிலுக்கு இழுப்பது கண்ணையும் காதையும் சேர்த்துக் கட்டிப்போடும். வான் தடித்த தந்திகளைக் கட்டி, அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்து வாசித்தவர். விரல் நுனி கிழிந்தால் சூப்பர் க்ளூ தடவிக்கொண்டு தொடர்வார். 1990 ஆகஸ்டில் விஸ்கான்சின் நிகழ்ச்சி ஒன்றை முடித்துத் திரும்பும் வழியில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது அவருக்கு 35 வயது.

எல்லாருக்கும் வானின் கை வலு கிடையாது. 1950-களில் கடையில் கிடைத்த தந்திக் கட்டுகளில் மூன்றாவது தந்தி கம்பி சுற்றிய தடித்த தந்தி, அதை நகர்த்துவது பெரும்பாடு. கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டன் மெல்லிய பாஞ்சோ தந்திகளை எடுத்துக் கிட்டாரில் கட்டிக்கொண்டார். 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கடை வைத்திருந்த எர்னி பால், மாணவர்கள் மூன்றாம் தந்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, மெல்லிய தந்திக் கட்டுகளை ஸ்லிங்கி என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். ராக் இசையில் இழுப்பு இவ்வளவு பரவியதற்கு மின் ஒலிபெருக்கி எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்த மெல்லிய தந்தியும் காரணம். எரிக் கிளாப்டனின் 'ஸ்லோஹேண்ட்' என்ற பட்டப்பெயர்கூட இந்த விஷயத்தோடு தொடர்புடையது. யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தபோது மெல்லிய தந்திகளை அவர் இழுத்த இழுப்பில் அவை அறுந்துபோகும். மேடையிலேயே நின்று புதுத் தந்தி கட்டுவார், அதுவரை கூட்டம் மெதுவாகக் கைதட்டிக்கொண்டிருக்கும். அந்த மெதுவான கைதட்டலிலிருந்து விளைந்த சொல்விளையாட்டு அது.

இப்போது தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். முதலில் பலருக்கும் தோன்றுவது 'கமகம்'. இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கமகம் என்பது சுரத்தை அசைத்தல், வழுக்குதல், அழுத்துதல் எல்லாவற்றையும் அடக்கிய பெரிய வகை. வாய்ப்பாட்டிலும் நாதசுரத்திலும் அது உண்டு, அங்கே இழுப்பதற்குத் தந்தியே கிடையாது. தவிர, கமகத்துக்கு ராகத்தின் இலக்கணம் எல்லை போட்டுத் தருகிறது. ப்ளூஸில் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை வாசிப்பவரின் அப்போதைய மனசு முடிவுசெய்கிறது.

கமகங்களுக்குள்ளேயே 'வலி' என்று ஒரு வகை உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் இசை இலக்கணம் எழுதிய சார்ங்கதேவர் சொன்ன 15 கமகங்களில் ஒன்று. அது வடமொழிச் சொல், சுருக்கம், மடிப்பு என்று பொருள். தமிழில் வேறொரு 'வலி' இருக்கிறது. துடுப்பு வலிக்கிறோம், மீனவர்கள் வலை வலிக்கிறார்கள், அதாவது இழுக்கிறார்கள். அதே வினைதான் நோவையும் குறிக்கிறது. இழுப்பும் நோவும் ஒரே சொல்லில் இருப்பதால் ப்ளூஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலாவது கிடைக்குமா என்று ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் 'தந்தி வலித்தல்' என்று எழுதினால் இன்றைய வாசகர் நின்று யோசிப்பார். 'வலிப்பு' என்றால் நோயின் பெயராகிவிடும். கவிதையில் பயன்படுத்தலாம், கலைச்சொல்லாக வேண்டாம்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் வாசிப்பின் எட்டுச் செயல்களை வரிசைப்படுத்துகிறது: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. இதில் 'உந்தல்' நம்மை ஈர்க்கிறது, கிட்டார்காரர் தந்தியை மேல்நோக்கி உந்தத்தானே செய்கிறார். ஆனால் உரையாசிரியர்கள் அதை நரம்புகளின் வலிவு மெலிவு அறியும் செயலாக விளக்குகிறார்கள். யாழில் மெட்டும் கிடையாது. ஏற்கெனவே ஒரு பொருள் நிலைத்திருக்கும் பழஞ்சொல்மேல் புதுப்பொருளை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'வளைத்தல்' நேர் மொழிபெயர்ப்பு, தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பவர் காதுக்கு எதுவும் வளைவதில்லை.

வீணைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது: 'தந்தியை இழுத்து வாசிப்பது'. வீணையில் ஒரே மெட்டில் இருந்தபடி பக்கவாட்டில் இழுத்து மேலே உள்ள சுரங்களைப் பிடிப்பது அன்றாடப் பயிற்சி. இரண்டும் ஒரே செயல் என்பதற்கு வாசித்துக் காட்டிய சாட்சியே உண்டு. ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். பிறகு சக்தி குழுவில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் வாசிக்க, மெட்டுகளுக்கு இடையில் மரம் குடையப்பட்ட தனிக் கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். விரல் மரத்தில் உரசாது என்பதால் தந்தியை வீணையில்போல் தாராளமாக இழுக்க முடியும்.

ஆகவே என் பரிந்துரை 'இழுப்பு', முழுமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'தந்தி இழுப்பு'. வினையாக 'இழுத்தல்'. தள்ளினாலும் இழுத்தாலும் தந்தி இழுபடத்தான் செய்கிறது, அதனால் திசை ஒரு தடையில்லை. அளவைச் சேர்த்து அரைச்சுர இழுப்பு, முழுச்சுர இழுப்பு என்று சொல்லலாம். மீட்டுவதற்கு முன்பே இழுத்து வைத்துக்கொள்வது முன்னிழுப்பு. ஏறிய சுரத்தை மெல்ல இறக்குவது தளர்த்தல். ஒரு தந்தியை இழுத்துப் பக்கத்துத் தந்தியின் சுரத்தோடு ஒன்றாக்குவது ஒத்திழுப்பு. ப்ளூஸில் கால்சுரம் மட்டும் ஏற்றிவிடும் சின்ன நெளிவு ஒன்று உண்டு, காந்தாரத்தை ஊசலாட வைப்பது பெரும்பாலும் அதுதான். அதைக் கால்சுர இழுப்பு என்பதைவிட 'நெளிப்பு' என்றால் கேட்டதுமே புரியும். சுரத்தை நடுங்கவிடும் வைப்ராட்டோவுக்கு 'அசைவு' போதும். ஸ்லைடு வாசிப்பு இழுப்பில் சேராது, அதற்கு வழுக்கல் என்ற சொல் இருக்கிறது.

கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் வாசிப்பு. அவர் சுரத்தை ஏற்றி இறக்கியதில் பெரும்பகுதி கிட்டாரின் பாலத்தில் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பகுதி) பொருத்திய கம்பியை வலது கையால் அசைத்துச் செய்தது. அப்போது எல்லாத் தந்திகளும் ஒன்றாக இறுகித் தளரும். கேட்க இழுப்புப் போலவே இருந்தாலும் விரல் எந்தத் தந்தியையும் இழுப்பதில்லை. அதைக் கம்பி அசைவு என்று தனியாகவே குறிப்பிட வேண்டும்.