சொல் விளக்கம்: முதற்கட்டக் கூட்டு நோயெதிர்ப்பு மருந்தாய்வு

'இம்யூனோதெரபி' என்ற சொல் இப்போது தொண்டியிலும் கீழக்கரையிலும்கூடக் காதில் விழுகிறது. புற்றுநோய்க்காக மதுரைக்கோ சென்னைக்கோ போய் வருகிறவர்கள் 'இம்யூனோ ஊசி' என்று சுருக்கிவிடுவார்கள்.

மூலம் லத்தீன். 'இம்யூனிஸ்' என்றால் வரியோ ஊழியமோ செலுத்த வேண்டாதவன். சேதுபதிகள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மானியமாக விட்ட நிலங்களைச் செப்பேடுகள் 'சர்வமானியம்' என்கின்றன. பழைய கல்வெட்டுச் சொல் 'இறையிலி'. கிட்டத்தட்ட அதே பொருள்தான். வரிக்கு விலக்கு என்றிருந்தது, பிறகு மருத்துவத்தில் நோய்க்கு விலக்கு என்றானது.

தமிழில் 'நோயெதிர்ப்புச் சிகிச்சை', 'தடுப்பாற்றல் சிகிச்சை' இரண்டும் புழங்குகின்றன. எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. 'தடுப்பு' என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வந்து, நோய் வராமல் காக்கும் மருந்து என்று எண்ணிவிடுகிறார்கள். இது வந்த நோய்க்குத் தருவது. நோயோடு போராடும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களில் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்று பிரேக் போல வேலை செய்யும் புரதங்கள் உண்டு. அவை பிடித்து நிறுத்துவதால் புற்றணுக்கள் தப்பிக்கின்றன. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்படி இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் 'கூட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சை'. சரி, இதுவரை சிக்கல் இல்லை.

பெரிய குழப்பம், ஒரு சிகிச்சையை மனிதர்களிடம் முதலில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை 'முதல் கட்டப் பரிசோதனை' என்பதில்தான். தேவிபட்டினத்தில் ஒரு அக்கா, கணவருக்குக் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் அந்த வரியில் விரலை வைத்து, "முதல் கட்டம்னுதானே தம்பி போட்டிருக்கு? அப்ப நோய் முத்தலைல்ல?" என்று கேட்டார். கணவருக்கோ நோய் ஈரல்வரை பரவியிருந்தது. நோயின் ஸ்டேஜையும் ஆய்வின் ஃபேஸையும் நாம் 'கட்டம்' என்றே எழுதுகிறோம். போதாததற்கு 'பரிசோதனை' என்றால் மக்களுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். முற்றிய நோயாளியின் கையில் இப்படி ஒரு தாளைக் கொடுப்பது எவ்வளவு பெரிய தவறு!

முதற்கட்டம் கேட்கும் முதல் கேள்வி, எந்த அளவு மருந்தை உடம்பு தாங்கும், என்ன பக்கவிளைவு வரும் என்பதே. பெரும்பாலும் சிலருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, தாங்கினால் அடுத்த சிலருக்குக் கூட்டுவார்கள். முற்றிய மெலனோமா தோல் புற்றுநோய்க்கு இப்பிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளையும் சேர்த்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வு 2013இல் வெளியானது. ஒருசேரப் பெற்றவர்களில் 40 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது; 53 சதவீதம் பேருக்கு மருந்தால் கடுமையான பக்கவிளைவு. இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே நோய்க்கு 'நிலை', ஆய்வுக்கு 'கட்டம்', 'பரிசோதனை'க்குப் பதில் 'மருந்தாய்வு' என்று பிரித்துக்கொள்ளலாம்: 'முற்றிய நிலைப் புற்றுநோய்க்கான கூட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சை, முதற்கட்ட மருந்தாய்வு'. நீளம்தான். அதன் கீழேயே, 'இந்த மருந்தை எந்த அளவுவரை உடம்பு தாங்கும் என்று பார்க்கும் ஆய்வு' என்று ஒரு வரி சேர்த்தால் அந்த அக்காவுக்கும் புரியும். நம் நாட்டின் 2019 மருந்தாய்வு விதிகளின்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில் விவரம் தந்துதான் கையெழுத்து வாங்க வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் அதில் சொல்லியாக வேண்டும்.