நோயைத் தொடாத மாத்திரை

பார்கின்சன் நோய்க்கான மாத்திரை அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் 25/100 என்றோ 10/100 என்றோ போட்டிருக்கும். சில ஊர்களில் எண்கள் முன்பின்னாக இருக்கலாம். 100 மில்லிகிராம் லெவோடோபா. நோய்க்கான மருந்து அதுதான். சின்ன எண் கார்பிடோபாவுக்கு. அதை மட்டும் விழுங்கினால் கை நடுக்கம் இம்மியும் குறையாது. பிறகு எதற்கு அது?

இந்த நோயில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் மெல்ல அழிகின்றன. டோபமைனையே கொடுத்துவிடலாமே என்றால், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. லெவோடோபாவை விடும். உள்ளே போனதும் ஒரு நொதி அதை டோபமைனாக்கிவிடும். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர் டோபாவை (லெவோடோபா அடங்கிய கலவையை) வாய்வழியே அதிக அளவில் கொடுத்து நல்ல பலன் கண்டார்.

சிக்கல் என்னவென்றால், அதே நொதி குடலிலும் ஈரலிலும் உண்டு. விழுங்கியதில் பெரும்பங்கு வழியிலேயே டோபமைனாகிவிடும். மூளைக்குச் சேர்வது சொற்பம். வழியில் உண்டானதும் சும்மா இருக்காது. வாந்தியைத் தூண்டும் மூளைப்பகுதி தடுப்பின் காவலுக்கு வெளியே இருப்பதால், குமட்டிக்கொண்டு வரும்.

கார்பிடோபா அந்த நொதியை முடக்குகிறது. மூளைக்குள்ளும் முடக்கினால் எல்லாம் பாழ். ஆனால் அதனால் தடுப்பைத் தாண்ட முடியாது! டோபமைனை விடாமல் தொல்லை கொடுத்த சுவரே இங்கே நமக்குத் துணை. லெவோடோபாவின் தேவை ஏறக்குறைய முக்கால் பங்கு குறைகிறது. இந்தக் கூட்டு மருந்துக்கு வைத்த சினிமெட் என்ற பெயருக்கே 'வாந்தி இல்லாமல்' என்றுதான் பொருள்.

அட்டைக்கு வருவோம். வெளியே உள்ள நொதியை அடக்க நாளுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். 25/100 மாத்திரை மூன்று வேளை போட்டால் 75 ஆகிவிடும். 10/100 என்றால் வெறும் 30. லெவோடோபா இரண்டிலும் ஒன்றேதான். வயிற்றைக் கேட்டால் வித்தியாசம் சொல்லும்.

ஒரு வழியை அடைத்தால் லெவோடோபா வேறொரு நொதியிடம் சிக்கி வீணாகும். அதை மறிக்கத்தான் சிலருக்கு மூன்றாவதாக எண்டகபோன்.

இது திட்டமிட்டுச் சேர்த்த கூட்டு. வலிப்பு நோயில் கூட்டு தானாகவே குறுக்கிடும். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு லமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் கொடுத்தால், ஈரல் லமோட்ரிஜினைக் கழிப்பது தாமதமாகி அது உடம்பில் தேங்கும். ஆபத்தான தோல் தடிப்புக்கும் இடமுண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் லமோட்ரிஜின் 25 மி.கி. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் தருகிறார்கள்.