யாழ்ப்பாணத்து வெயில் பார்படோஸில் கைகொடுக்காது

மார்ச் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என்னுடைய கிளினிக்குக்குத் தனி ரகமாகச் சிலர் வருவார்கள். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, கையில் ஹோட்டல் வளையம்கூடக் கழற்றாமல். இந்தக் குளிர்காலத்தில் போன கிழமை வந்தவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பது வயது தாண்டியவர். கதிரையில் சாய முடியவில்லை, விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மனைவி சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகு முழுவதும் கொப்புளம். மிதவைச் சட்டையின் பட்டி இருந்த இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய தோல், கோடு கிழித்தது போல. கரிபியன் தீவான பார்படோஸின் கார்லைல் விரிகுடாவில் ஆமை பார்க்க இரண்டரை மணி நேரம் குப்புற மிதந்திருக்கிறார்.

கொப்புளம் ஆறிவிடும். எனக்குப் பயம் தந்தது அதற்கு முன் நடந்த கதை. போய் இறங்கிய மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, கடலோர மரப்பலகை நடைபாதையில் இரண்டு தடவை வேகமாகப் போய்வந்து, ரம் பஞ்ச் இரண்டு குடித்து, எழும்பும்போது மயங்கி விழுந்திருக்கிறார். காலையில் பிரஷருக்கான, சலத்தைக் கூடப் போகவைக்கும் தண்ணீர்க் குளிசையையும் தவறாமல் போட்டிருந்தார். ‘ஏன் அண்ணா அந்த நேரத்தில் நடந்தீர்கள்’ என்று கேட்டேன்.

“நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த ஆட்கள் டொக்டர். இது எங்களை என்ன செய்யும்?”

இந்த ஒரு வசனத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெயிலுக்குப் பழகுவது சைக்கிள் ஓட்டுவது போன்றதல்ல, ஒருமுறை கற்றால் சாகும்வரை கூட வருவதற்கு. சூட்டில் தினமும் வேலை செய்தால் உடம்பு ஒன்று இரண்டு கிழமைகளில் பழகும்: வியர்வை சீக்கிரம் வரும், கூட வரும், அதில் உப்புக் குறையும். சூட்டை விட்டு விலகினால் அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி ஒரு மாதத்துக்குள் போய்விடும். நீங்கள் ஊரைவிட்டு வந்து இருபத்தைந்து வருடம். ஐந்து மாதம் கனத்த ஜாக்கெட்டுக்குள் இருந்துவிட்டு, ஐந்து மணி நேரம் விமானத்தில் பறந்து இறங்கும் உங்கள் உடம்பும், பக்கத்து இருக்கையில் வந்த வெள்ளைக்காரரின் உடம்பும் சூட்டைத் தாங்குவதில் ஒன்றுதான். விடுமுறையோ ஏழு நாள். உடம்பு பழகத் தொடங்கும்போது நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது தோல். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நன்றாகக் கறுத்த தோலை அளந்து பார்த்தாலும் கிடைப்பது, வெயில் கிரீம்களின் பாதுகாப்பு எண் கணக்கில், ஏறக்குறைய எஸ்.பி.எஃப் 13. நம்மில் பலர் அதைவிட வெளிர் நிறம். வெயில் தோலைச் சுடும் பலத்தைக் காட்டும் புற ஊதாக் குறியீடு, ரொறன்ரோவில் குளிர்கால நண்பகலில் ஒன்று, இரண்டு. பார்படோஸின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் பெப்ரவரி, மார்ச் நண்பகலில் பத்துக்கு மேல். அந்த ஊர் இருப்பது 13 பாகை வடக்கில், சென்னை இருக்கும் அதே அகலக்கோட்டில். பகல் பன்னிரண்டு மணிக்கு மெரினாவில் போய்ப் படுப்பீர்களா?

உண்மையில் யாழ்ப்பாணத்தில்தான் யார் படுத்தார்கள்? எங்கள் அப்பு விடியப்புறம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, பத்து மணிக்குத் தலையில் துவாயோடு வீடு வந்துவிடுவார். மத்தியானம் திண்ணை, அல்லது வேப்பமர நிழல். வெயிலில் வளர்ந்தவர்கள் வெயிலுக்கு ஒளித்து வாழ்ந்தவர்கள். அந்தப் பாதியை மட்டும் எப்படி மறந்தோம்?

பார்படோஸில் சூடு தெரியாததற்குக் காரணம் கடலிலிருந்து ஓயாமல் வீசும் வடகீழ்த் தடக்காற்று. வியர்வையைக் காயவைத்துச் சுகமாக வைத்திருக்கும். தோல் வேகிறதை மறைத்தும் வைத்திருக்கும்.

ஓடியாடவும் வேண்டும், ஓய்வும் வேண்டும் என்றால் மணிக்கூட்டை மாற்றுங்கள், அவ்வளவுதான். நடை, நீச்சல், துடுப்புப் பலகை எல்லாம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, பிறகு மாலை நான்குக்கு மேல். பார்படோஸ் தேசிய அறக்கட்டளை நடத்தும் ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணம் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. உள்ளூர்க்காரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவேண்டாமா? நண்பகலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். தூக்கம் வராதவர்கள் ஹாரிசன் குகைக்குள் போங்கள், அங்கே வெயிலே இல்லை. முதல் இரண்டு நாள் எதையும் பாதி அளவு மட்டும் செய்யுங்கள். ஆமை பார்க்கப் போனால் நீளக்கைச் சட்டை. முழங்காலின் பின்பக்கத்துக்கும் பிடரிக்கும் கிரீம். தண்ணீருக்குப் போத்தல் தேடி அலையவேண்டாம், சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் அவர்களுடைய குழாய் நீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

ரம் பஞ்ச் ஜூஸ் அல்ல. அந்த ஊர்ப் பழைய கணக்கு: தேசிக்காய்ப் புளி ஒரு பங்கு, சீனிப்பாகு இரண்டு, ரம் மூன்று, தண்ணீர் நான்கு. கூட்டிப் பாருங்கள், பத்தில் மூன்று பங்கு ரம்.

நீந்துவது மேற்குக் கரையில். கிழக்கே பத்ஷீபா அழகு, படம் எடுங்கள். அந்த அத்திலாந்திக் அலைக்குள் இறங்காதீர்கள். நீரோட்டம் இழுத்துப் போகும்.

கரையோர மரங்களில் சிவப்பு வர்ணத்தில் வளையம் பூசியிருந்தால் அது மான்சினீல் என்ற நச்சு மரம். அதன் கீழே மழைக்குக்கூட ஒதுங்கக்கூடாது. மரத்தின் பால் கலந்து சொட்டும் நீர் பட்டாலே கொப்புளம். பழம் சின்ன அப்பிள் போல இருக்கும், வாசனையும் உண்டு. 1999இல் டொபாகோவுக்கு விடுமுறையில் போன ஒரு கதிரியக்க மருத்துவர் அதைக் கடித்துவிட்டு, பட்டதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்: முதலில் இனிப்பு, பிறகு மிளகுக் காரம், அதன்பிறகு எச்சில் விழுங்க முடியாமல் தொண்டை இறுகியதாம். படித்த மருத்துவரே கடித்திருக்கிறார். கீழே கிடக்கும் பழத்தை எடுத்து முகர்ந்து பார்க்கும் நம் சனத்தை நினைத்தால் எனக்கு நடுக்கம்.

பிரஷர், சலரோகக் குளிசை எடுப்பவர்கள் போவதற்கு இரண்டு கிழமை முன்னால் ஒருமுறை வந்து என்னைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற தண்ணீர்க் குளிசை உடம்பை உலர்த்துவதோடு தோலை வெயிலுக்கு இளக்கியும் விடும். நீங்களாக நிறுத்தவேண்டாம், கேட்டுவிட்டுப் போங்கள். இன்சுலின் கைப்பையில், வெயிலில் நிற்கும் வாடகைக் காருக்குள் அல்ல. கார் என்றதும் ஞாபகம் வருகிறது: அங்கே ஓட்டுவது இடப்பக்கம். ஊரில் அப்படித்தானே ஓட்டினோம் என்பீர்கள். கை அதை மறந்து வெகுகாலம்.

கடைசியாக ஒரு கெஞ்சல். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால், அது டெங்குவாக இருக்கலாம். கரிபியனில் அது உண்டு; பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. ஐபுபுரோஃபென் போடாதீர்கள், பரசிற்றமோல் மட்டும். ஊரில் முன்பு டெங்கு வந்தவர்கள் இன்னும் கவனம், இரண்டாவது தடவை கடுமையாக வரக்கூடும். கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்ததும் வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் முதல் வார்த்தையாகத் தீவின் பெயரைச் சொல்லுங்கள். ‘சும்மா காய்ச்சல்’ என்று சொன்னால் அவள் மூன்று நாள் தள்ளி நேரம் தருவாள்.

அண்ணாவுக்கு மருந்து கட்டி முடிந்தது. அடுத்த வருடம் இன்னொரு கரிபியன் தீவான சென் லூசியா போகிறாராம். குரோ பிட்டோன் மலை ஏறவேண்டுமாம், 798 மீட்டர். எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவதாக யோசனை என்று கேட்டேன்.

“ஆறுதலாகக் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு பத்து, பத்தரைக்கு” என்றார்.