'இடர்நேர்வு' என்பது நேர்ந்துவிட்ட இடர்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஓய்வுநிலைப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரை அறிமுகப்படுத்தும் தமிழ்க் குறிப்பொன்று, அவரை 'இடர்நேர்வு மதிப்பீட்டிலேயே காலத்தைக் கழித்தவர்' என்கிறது. ஆங்கிலத்தின் 'ரிஸ்க்' (risk) என்பதற்கு ஈடாக வைத்த சொல் இடர்நேர்வு. இவ்வரியை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள ஒருவர் படித்தால் என்ன நினைப்பார்? மார்கழி வெள்ளம் வடிந்தபின் கிராம உத்தியோகத்தர் படிவக் கட்டுடன் வளவுக்குள் வந்து, சாய்ந்த மதிலையும் நனைந்த நெல்மூட்டைகளையும் பார்த்துப் பதிந்து செல்வதைத்தான் நினைப்பார். அது நேர்ந்துவிட்ட சேதத்தின் கணக்கு. பேராசிரியரின் துறையோ இன்னும் நேராத ஒன்று நேரக்கூடிய அளவைப் பற்றியது.

'ரிஸ்க்' இத்தாலியக் கடல்வணிகரின் வழக்கிலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கு முந்திய வேர் பற்றி அகராதியாளரிடையே உடன்பாடில்லை. தீங்கு, அது நிகழக்கூடிய அளவு என்னும் இரண்டும் சேர்ந்ததே அதன் பொருள்.

'இடர்' என்னும் நம் பழஞ்சொல்லில் முதற்கூறு மட்டுமே உண்டு. 'இடரினும் தளரினும்' என்று சம்பந்தரும் 'நரகத்தில் இடர்ப்படோம்' என்று அப்பரும் பாடுவது பட்டு அனுபவிக்கும் துன்பத்தையே. விடுபட்ட இரண்டாவது கூறைச் சேர்ப்பதற்காக 'நேர்வு' ஒட்டப்பட்டது என்று இடர்நேர்வின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். ஆனால் 'விபத்து நேர்ந்தது', 'இழப்பு நேர்ந்தது' என்றே நாம் நாள்தோறும் பேசுகிறோம். நேர்வு என்றால் நடந்தது, நேரக்கூடியது அன்று. ஆகவே அந்த ஒட்டு, குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதை இரட்டிப்பாக்கிவிட்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலையும், அடுத்த கார்த்திகையில் அப்படியொன்று வரக்கூடுமா என்ற கேள்வியையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிபெயர்ப்பாளர், இரண்டில் எதைச் சொல்கிறார் என்பதை வாசகரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. வங்கி, நிதித்துறை ஆவணங்கள் வழியாகச் சொல் பரவிவிட்டது என்பதைத் தவிர இதற்குச் சார்பான நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. 'disaster risk' என்பதற்கு வழங்கும் 'அனர்த்த இடர்' என்ற தொடரோ இன்னும் மோசம். துன்பத்தின் துன்பம் என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள முடியும்.

'ரிஸ்க்' என்பதற்கு 'ஆபத்து' என்று எழுதுவோரும் உண்டு. அது வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. தீங்கின் இயல்பையும் அது நேரும் அளவையும் பிரித்துக் காட்ட அதனால் முடியவில்லை என்பதே என் மறுப்பு. 2015இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை உள்ள முதற்பிரிவிலேயே சேர்த்தது. அப்பிரிவு புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுவதேயன்றி, எத்தனை பேருக்கு வரும் என்பதைக் காட்டுவதன்று. இரண்டுக்கும் 'ஆபத்து' என்றே எழுதினால், இறைச்சியும் சுருட்டும் சமம் என்று படிப்பவர் முடிவு செய்வதில் வியப்பில்லை. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பவருக்குக் குடற்புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல் என்று கூறப்பட்டதை ஸ்பீகல்ஹால்டர் தலைக்கணக்காக்கிக் காட்டினார்: அதை உண்ணாத 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு வாழ்நாளில் அந்நோய் வரும், 100 பேரும் நாள்தோறும் உண்டால் 7 பேருக்கு வரும். 'ஆபத்து 18 சதவீதம்' என்று பெயர்ப்பவர், நூறில் பதினெட்டுப் பேரைச் சாகக் கொடுத்துவிடுகிறார்!

என் பரிந்துரை 'இடர்த்தகவு'. நிகழ்தகவு என்ற சொல்லைச் சாதாரண தரக் கணித வகுப்பிலிருந்தே நம் பிள்ளைகள் அறிவார்கள். அதே தகவு இங்கும் நிகழக்கூடிய அளவை உணர்த்தும். 'இடர்வாய்ப்பு' என்பாரும் உண்டு; ஆனால் வாய்ப்பு நல்லதற்கே பெரும்பாலும் வழங்குவதால், வேலைவாய்ப்போடு சேர்ந்து ஒலிக்கிறது. தீங்கின் இயல்பைக் குறிக்க 'ஆபத்து' தாராளமாக இருக்கட்டும்.

அப்படியானால் 2007இல் ஸ்பீகல்ஹால்டருக்குக் கிடைத்த பதவி 'பொதுமக்களின் இடர்த்தகவு விளக்கத்துக்கான பேராசிரியர்' ஆகும். முதலில் சொன்ன அறிமுகக் குறிப்பில் வரும் 'புள்ளிவிபர எழுத்தறிவு' (statistical literacy) என்பதையும் மாற்றலாம். எழுத்தறிவு எழுத்தை அறிவது. எண்ணைப் பார்த்து 'எத்தனை பேரில் எத்தனை?' என்று கேட்கத் தெரிவதற்குப் 'புள்ளிவிபரத் தெளிவு' போதும்.